லூர்துவுக்கு நான் அனுப்பாத மூன்று பாடங்கள்

தந்தி வந்தபோது நான் பண்டாரவளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். கொழும்பில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி அதை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் உப்புச் சாடியின் கீழே வைத்திருந்தார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பிரித்தேன். "லூர்து காலமானாள். அடக்கம் நாளை. அன்ரன்." அந்த நாளை அப்போது முந்தநாள் ஆகியிருந்தது.

"சொந்தமோ?" என்று வீட்டுக்காரி கேட்டார்.

"இல்லை" என்றேன். அவள் எனக்கு என்ன என்பதற்கு அந்த நேரத்தில் வேறு சொல் வரவில்லை.

"அப்ப பரவாயில்லை, இருந்து சாப்பிடும்" என்று சொல்லிச் சோற்றைப் போட்டார். நானும் இருந்து சாப்பிட்டேன். இந்த நகரத்தில் லூர்துவைத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அடுத்தநாள் அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு அடுத்தநாளும் போனேன்.

பிறகு அவளுடைய தமையன் அன்ரன் அண்ணை கடிதம் எழுதினார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். எழுவைதீவில் அவளைத் தூக்கி வளர்த்தவர்களுக்கும், கணக்குப் பார்க்க அவள் ஏறி இறங்கிய கூட்டுறவுச் சங்கங்களில் இருப்பவர்களுக்கும் அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. அதற்காகத்தான் சம்மதித்தேன். அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தின் உயர்தர வர்த்தக வகுப்பில் பதினொரு பையன்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். லூர்து கன்னியர் மடத்துக் குசினியில் சமையலுக்கு உதவி செய்து அதற்குப் பதிலாக அங்கேயே தங்கிப் படித்தாள். நான் நயினாதீவிலிருந்து வந்து சின்னம்மா வீட்டில் நின்றேன். அக்காவின் கலியாணத்துக்காக எங்கள் தோட்டக் காணியை அப்பா ஈடு வைத்திருந்தார், அது மீளவில்லை. விஞ்ஞானம் படிப்பதென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தனிவகுப்புக்குக் கட்டவேண்டும். வர்த்தகத்துக்கு ஒரு கொப்பி போதும். நாங்கள் இருவரும் கணக்கியலுக்கு வந்த கதை அவ்வளவுதான்.

நான் அந்த வயதில் நூல்நிலையப் புத்தகங்களுக்குள்ளேயே குடியிருந்தவள். இரண்டாவது கிழமை லூர்து என் வாங்கில் வந்து இருந்தாள்.

"நீர் ஏன் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை?"

"கதைக்க ஒண்டும் இல்லை."

"அப்ப நான் கதைக்கிறன். நீர் கேளும்."

பதின்மூன்று வருடம் அந்த ஒழுங்கு மாறவில்லை.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் லொறிக் கதை தெரிந்திருக்கும். இருந்தாலும் நேரில் பார்த்தவள் என்ற முறையில் எழுதிவிடுகிறேன். பங்குடைமைக் கணக்கில் ஒரு கேள்வி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு லொறி வாங்கி வியாபாரம் செய்கிறார்கள். இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று அவர்களுக்குள் உடன்படிக்கை இல்லை. விடை சுலபம்: ஆளுக்குப் பாதி. லூர்து இலாபத்தை மூன்றாகப் பிரித்திருந்தாள். இரண்டு பங்கு மனிதர்களுக்கு, ஒன்று லொறிக்கு.

"லொறிக்கு என்னத்துக்குப் பிள்ளை பங்கு?" என்றார் மாஸ்டர்.

"லொறிதானே சேர் ஓடினது."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்கடை ஊரிலை தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ரண்டு பங்கு. மிச்சம்தான் ஆக்களுக்கு. அதை எடுத்து வைச்சாத்தான் அடுத்த வரியம் தோணி இருக்கும். லொறி உடைஞ்சா ஆர் சேர் குடுக்கிறது?"

மாஸ்டர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். "அதுக்குப் பேர் பெறுமானத் தேய்வு. அதை இலாபம் பாக்கிறதுக்கு முந்திக் கழிக்கவேணும். நீர் இலாபத்துக்குப் பிறகு குடுத்திருக்கிறீர். பிழை பிழைதான்."

"முந்தியெண்டாலும் பிந்தியெண்டாலும் தோணிக்குக் குடுக்கத்தானே வேணும் சேர்?"

பூச்சியம் கிடைத்தது. அந்த வருடம் முழுக்கப் பையன்கள் அவளை 'லொறி' என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "எங்கை என்ரை பங்கு?" என்று கை நீட்டுவாள்.

உயர்தரத்தில் இருவரும் சித்தியடைந்தோம். பல்கலைக்கழகம் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அவள் எழுவைதீவுக்குத் திரும்பினாள். நான் சின்னம்மா வீட்டிலேயே நின்று சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கணக்காளர் பரீட்சைக்குத் தபாலில் பாடம் அனுப்பும் நிறுவனம் ஒன்று கொழும்பில் இருந்தது. அதன் கட்டணம் எங்களுக்கு எட்டாத உயரம்.

லூர்துவுக்கு அது எட்டிய விதம் இது. அவள் அப்பு என்று கூப்பிடும் தகப்பனாரின் தோணியில் அவரும் அன்ரன் அண்ணையும் இன்னும் நான்கு பேரும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் கடற்கரையில் இருந்து பங்கு பிரிப்பார்கள். ஒரு சனிக்கிழமை, அவர்களில் மூத்தவரான மரியாம்பிள்ளை அண்ணை சொன்னாராம்: "வலைக்கு ரண்டு பங்கு குடுக்கிறம். பிள்ளையின்ரை படிப்பையும் ஒரு வலையெண்டு நினைப்பமே. அரைப் பங்கு. ரண்டு வரியத்துக்கு." அப்பு வேண்டாம் என்றிருக்கிறார். "உம்மைக் கேக்கேல்லை சம்மாட்டியார், தோணியைக் கேட்டனாங்கள்" என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். நாங்கள் இருவரும் கடற்கரைக்கு நடந்து வருவதைக் கண்டதும் மரியாம்பிள்ளை அண்ணை உரத்துக் கூப்பிட்டார்.

"லூர்து, இந்த வலை கட்டி ஒரு வரியமாச்சு. ஒரு திரளி மீன்கூடப் படேல்லையே!"

"உங்கடை வலை மாதிரிச் சின்னக்கண் வலையில்லை அண்ணை. பெரிய மீன் வரும். பொறுங்கோ."

"பெரிய மீன் எண்டா வலையையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கட்டிய பணத்தில் படித்தவர்கள் இரண்டு பேர்.

மாதம் ஒரு தடித்த மண்ணிறக் கடித உறையில் லூர்துவின் பெயருக்குப் பாடங்கள் வரும். எல்லாம் ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் ஒரு கிழமை படிப்பாள். பிறகு வெள்ளிக்கிழமைத் தோணியில் ஊர்காவற்றுறைக்கு எனக்குக் கொடுத்துவிடுவாள். நான் அதைக் கையால் எழுதிப் பிரதியெடுத்து அடுத்த வெள்ளி துறைக்குக் கொண்டுபோய்த் தோணிக்காரரிடம் திருப்பிக் கொடுப்பேன். பயிற்சிகளை ஒரு பெயரில்தான் அனுப்பலாம். இருவரும் தனித்தனியே செய்வோம். எது நல்லதோ அதை அவள் தெரிந்தெடுத்து அனுப்புவாள். திருத்தி வந்ததும் எனக்கு ஒரு துண்டு வரும்: "சரி போட்டதெல்லாம் நான். சிவப்பு மை எல்லாம் நீர்." உண்மையில் எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கும்.

பாடங்களை எனக்குத் தரும்படி நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதை முதல்முறை அனுப்பியபோது ஒரு வரி எழுதியிருந்தாள்: "வாசிச்சுப் போட்டுச் சும்மா கிடக்கிற நாளிலை இதுக்கு வேலை குடுக்கிறன்."

இனி அந்த வெள்ளிக்கிழமை. கார்த்திகை மாதம், பரீட்சைக்கு மூன்று கிழமை கூட இல்லை. கடைசி உறையில் கிரயக் கணக்கின் மூன்று பாடங்கள் வந்திருந்தன. வழக்கத்துக்கு மாறாக அவள் அதைத் தான் படிக்காமலேயே, "நீர் முதலில் எழுதும், எனக்கு அடுத்த வெள்ளி போதும்" என்று அனுப்பியிருந்தாள். அந்தக் கிழமை சின்னம்மாவுக்குக் காய்ச்சல். சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் என் தலையில். வெள்ளி மத்தியானம் இரண்டு பாடங்கள் முடிந்திருந்தன. மூன்றாவதில் பாதிகூட ஆகவில்லை. திங்களும் ஒரு தோணி வரும்தானே என்று நினைத்தேன். துறைக்குப் போகவில்லை.

தீவில் பிறந்தவள் கார்த்திகையில் திங்கட்கிழமையை நம்பக்கூடாது. ஞாயிறு பின்னேரம் காற்று எழும்பியது. பன்னிரண்டு நாள் எழுவைதீவிலிருந்து ஒரு தோணியும் வரவில்லை. நான் நாள்தோறும் அந்த உறையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், தோணி கட்டும் பாலத்தின் நுனியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் பாடத்தைச் சனிக்கிழமையே எழுதி முடித்துவிட்டிருந்தேன். பிறகு வந்த நாள்களில் மூன்றையும் இரண்டு தரம் படித்தேன். படிக்கும்போது எனக்கு விளங்கியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முந்திக் கடல் கொஞ்சம் படுத்தது. லூர்து நனைந்த சேலையோடு துறையில் இறங்கினாள். உறையைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பஸ் வந்திட்டுது, ஓடும்" என்றாள். யாழ்ப்பாணம் போகும்வரை பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டே வந்தாள். கிரயக் கணக்குப் பரீட்சை முடிந்து மண்டபத்துக்கு வெளியே வந்ததும், "மூண்டாவது கேள்வி உமக்கு வந்திருக்கும், என்ன?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "நல்லது" என்றாள். அவள் அந்தக் கேள்வியைத் தொடவில்லை.

பங்குனியில் பெறுபேறு வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். அவள் ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். ஒன்றில் தவறினால் எல்லாவற்றையும் மறுபடி எழுதவேண்டும் என்பது அன்றைய விதி.

சொல்லிவிடவேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை எழுவைதீவுக்குப் போனேன். தோணிக்காரர் ஆறு பேரும் கடற்கரையில் இருந்தார்கள். சொன்ன இரண்டு வருடம் முடிந்திருந்தது. தோணிக்கு ஒரு மெசின் பூட்டவேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் அரைப் பங்கு கொடுத்தால் லூர்து மறுபடி எழுதலாம். கொடுக்காவிட்டால் அவள் படிப்பு அன்றோடு சரி. எல்லோருக்கும் அது தெரியும். மரியாம்பிள்ளை அண்ணையின் குரலில் பகிடி இல்லை.

"பிள்ளை, என்ன நடந்தது? பாடம் விளங்கேல்லையோ? விளங்கேல்லையெண்டா சொல்லு, இன்னொரு வரியம் பாப்பம்."

நான் முன்னுக்கு வந்தேன். "அண்ணை, அது லூர்துவின்ரை பிழை இல்லை. அந்தப் பாடம்..."

லூர்து என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். "இவ எனக்காகக் கதைக்க வந்திருக்கிறா. கேளாதேங்கோ. நான் படிக்கேல்லை. மழை நாளிலை படுத்துக் கிடந்திட்டன்."

அவளுடைய அப்பு கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரன் அண்ணை எழும்பித் தோணிப் பக்கம் போய்விட்டார். வெட்கத்தால் போகிறார் என்று நினைத்தேன்.

"நாங்கள் தண்ணிக்குள்ளை கிடந்து உழைச்சது" என்றார் மரியாம்பிள்ளை அண்ணை. அவ்வளவுதான் சொன்னார். அன்றைய பங்கு பிரிக்கப்பட்டபோது அந்த அரைப் பங்கு இல்லை.

அந்த இடத்தில் நான் கத்திச் சொல்லியிருக்கலாம். என் மணிக்கட்டில் அவளுடைய பிடி இறுகியிருந்தது. அதைச் சாட்டாக எடுத்துக்கொண்டேன். எனக்குக் கொழும்பில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. லூர்துவின் உறைகளில் நான் படித்தது தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று நீங்கள் எல்லோரும் அறிந்த ஒருத்தி சொன்ன அந்தப் பொய்க்குள் நான் ஒளிந்துகொண்டு, அடுத்த கிழமை கொழும்புக்கு ரயில் ஏறினேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர்காவற்றுறைச் சங்கக்கடையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைச் சேர்த்தாள். நான் அனுப்பிய காசுக்கட்டளையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். நான் அனுப்பிய புத்தகங்களை வைத்துக்கொண்டாள். நான்கு வருடம் கழித்துத் தனியாக எழுதிச் சித்தியடைந்தாள். தீவுப்பகுதிச் சங்கங்களின் கணக்குப் பரிசோதகராக நியமனம் கிடைத்தது.

ஒரு விடுமுறையில் அவளோடு நெடுந்தீவுக்குப் போனேன். அங்கே ஒரு கடை முகாமையாளர் அரிசி குறைவதற்கெல்லாம் 'எலி தின்றது' என்று எழுதி வைத்திருந்தார். லூர்து பேரேட்டைப் புரட்டிவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, உங்கடை எலி வேதக்கார எலியோ?"

"ஏன் பிள்ளை?"

"ஞாயிற்றுக்கிழமையிலை ஓய்வு எடுக்குது. கடை திறக்கிற நாளிலை மட்டும் தின்னுது."

அவர் முகம் வெளிறிவிட்டது. அவள் அதோடு விட்டாள். குறைந்ததை மூன்று மாதத்துக்குள் நிரப்ப அவகாசம் எழுதிவிட்டு எழும்பினாள். திரும்பும்போது லோஞ்சுப் படகின் படியில் ஏற அவளுக்கு மூச்சு வாங்கியது. வெயில் என்றாள்.

வெயில் அல்ல. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டிருந்தது. போன வருடம் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்து என்னோடு ஐந்து நாள் நின்றாள். என் அறையில் ஒரு கட்டில்தான். அவளைக் கட்டிலில் விட்டு நான் பாயில் படுக்கப் போனதற்குச் சண்டை பிடித்தாள். கடைசி நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எட்டு வருடமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"அண்டைக்குக் கடற்கரையிலை ஏன் பொய் சொன்னனீர்?"

"அதுவோ? அடுத்த நாளே சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிட்டன். மூண்டு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லத் தந்தவர். மலிவு."

"பகிடி விடாதையும். உம்மடை நாலு வரியம் போச்சு."

அவள் கோப்பையை வைத்தாள். "அவையள் ஒருத்தியை நம்பிக் குடுத்தவை. அந்த ஒருத்தி பெயில் எண்டா அது ஒரு கவலை. இன்னொருத்தி பிந்தினதாலை பெயில் எண்டா, அது கோபம். கவலை ஆறும். கோபத்தோடை உம்மை அந்தத் துறையிலை இறங்க விடுவினமோ?"

அடுத்தநாள் ரயிலில் ஏற்றிவிட்டேன். சத்திரசிகிச்சைக்கு அவளுடைய முறை வருமுன்னரே அவளுடைய நாள் முடிந்துவிட்டது.

ஆகவே அந்தத் தோணியில் இருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். லூர்து படுத்துக் கிடக்கவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த பாடங்கள் என்னிடம் இருந்தன. அவள் தவறியது என்னால். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமும் ஒரு சாவும் வேண்டியிருந்தன.

இந்த இடத்தில் முடித்து, குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அச்சிடக்கூடாது என்று அன்ரன் அண்ணைக்கு அனுப்பியிருந்தேன். அவருடைய பதில் நேற்று வந்தது. அதை அவர் எழுதியபடியே சேர்க்கிறேன்.

"தங்கச்சி, நீர் எழுதினதை அப்புவுக்கு வாசிச்சுக் காட்டினனான். எங்களுக்கு இது தெரியும். அந்த வெள்ளிக்கிழமை தோணி வந்து, பார்சல் இல்லையெண்ட உடனை அப்பு வானத்தைப் பாத்திட்டு, ஞாயிறிலை இருந்து பத்துப் பன்னிரண்டு நாளைக்குக் கடல் விடாது எண்டவர். சனி விடிய நான் போய் உம்மட்டை வாங்கி வாறன் எண்டு தோணியைத் தள்ளப் போனனான். லூர்துதான் மறிச்சவள். 'அவ இன்னும் எழுதி முடிச்சிருக்கமாட்டா. நீங்கள் போய்க் கேட்டா உடனை தந்துவிடுவா. போகாதேங்கோ' எண்டவள். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டும் எங்கள் ரண்டு பேரிட்டையும் சத்தியம் வாங்கினவள். அப்பு எல்லாத்தையும் கேட்டிட்டு, 'அந்தப் பிள்ளை பாஸ் பண்ணினதுதானே?' எண்டு கேட்டார். ஓம் எண்டனான். ஒண்டையும் வெட்டவேண்டாம். அப்பிடியே போடுவம்."

என்னுடைய பிழையை நான் ஒளித்து வைத்திருந்ததாகவே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் பிந்திய அந்த நாள்கள் அவள் தெரிந்தே எனக்குக் கொடுத்தவை. என்னோடு தேநீர் குடித்த அன்றும் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க இனி ஆள் இல்லை.

அவளுடைய கையெழுத்துத் துண்டுகள் என்னிடம் சில இருக்கின்றன. அவற்றை அவளுடைய அப்புவுக்கு அனுப்பப்போகிறேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சனிக்கிழமைக் காலையை. சின்னம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். நான் குசினி வாசலில் இருந்து மூன்றாம் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே மழை இன்னும் தொடங்கவில்லை; தோணி ஒன்று வந்து போகக்கூடிய கடல் அது. மத்தியானம்வரை எழுதினேன். ஒருவரும் வந்து படலையைத் தட்டவில்லை.